பகிர்வுச் சேவையகத்தில் கன்சோலும் நிறுத்தநேரமும்

முன்னுரை

இரவு 11.45க்கு மேல் நன்னிலத்தில் உட்கார்ந்து ரயில் டிக்கெட் எடுக்கப் பார்த்தவருக்கு, ஐ.ஆர்.சி.டி.சி. தளம் 12.20 வரை கைவிரிப்பது பழகிப்போயிருக்கும். சொல்லிவிட்டு நிறுத்தும் நேரம் அது. வங்கிகளுக்கு அந்தச் சலுகையும் சுருங்கிவிட்டது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் இரவும் பகலும் ஓடுகிறது. இப்படி நிறுத்தநேரம் சுருங்கிய நிலையில், ஐபிஎம் ஏஎஸ்/400 வழிவந்த சேவையகங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே பெட்டியைப் பல பகிர்வுகளாகப் பிரித்ததால் நிறுத்தமும் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டதா என்று பார்க்கிறது இக்கட்டுரை.

1. பகிர்வு

1988 ஜூனில் அறிவிக்கப்பட்ட ஏஎஸ்/400, 1999இல் வி4ஆர்4 பதிப்போடு தருக்கப் பகிர்வைப் பெற்றது. பெட்டி ஒன்று, உள்ளே ஒவ்வொரு பகிர்வுக்கும் தனி இயங்குதளம், தனி நினைவகம், தனி வட்டு. ஆனால் அந்தத் தலைமுறையில் ‘முதன்மைப் பகிர்வு’ என்றொரு வில்லங்கம் இருந்தது. மற்றவற்றை மேய்க்கும் நிரல் அதற்குள்தான் குடியிருந்தது. அதை அணைத்தால் எல்லாமே அணையும். முடிகொண்டான் ஆற்றின் தலைப்பு மதகை இறக்கினால் அந்தப் பாசனம் மட்டும் காயும். மேட்டூரை மூடினால் டெல்டாவே காயும். 2004இல் பவர்5 வந்தபோது மேய்க்கும் வேலை ஃபர்ம்வேருக்குப் போனது, முதன்மைப் பகிர்வு ஒழிந்தது.

2. கன்சோல்

முழுச் சேமிப்புக்கு, அதாவது சேவ் பட்டியலின் 21ஆம் தெரிவுக்கு, துணை அமைப்புகளையெல்லாம் முடித்தாக வேண்டும். முடித்தபின் உயிரோடு இருக்கும் ஒரே திரை கன்சோல்தான். அந்த நேரத்தில் கன்சோல் வயர் கழன்றால் உள்ளே போக வேறு வாசல் கிடையாது. கைமுறைத் தொடக்கத்தில் கன்சோல் கிடைக்காவிட்டால் முகப்புப் பலகையில் ஏ6005008 என்ற குறி வந்து நிற்கும். 65, 21 என்ற செயல்களை அடுத்தடுத்து இட்டுக் கன்சோல் வகையை மாற்றலாம். இது தெரியாமல் மின்சாரத்தையே பிடுங்கியவர்கள் உண்டு. அடுத்த தொடக்கத்தில் அணுகுபாதைகளைத் திரும்பக் கட்ட இயந்திரம் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கலாம்.

பவர்5 முதல் பகிர்வுகளை ஆள ஹெச்எம்சி என்ற தனிக் கணினி வந்தது. அது படுத்தாலும் ஓடும் பகிர்வுகள் ஓடிக்கொண்டேயிருக்கும். நின்றதை எழுப்பத்தான் வழியிருக்காது. மதகைத் திறந்து மூடும் லஸ்கர் வராத நாளிலும் திறந்த மதகில் தண்ணீர் போகும், மூடிய மதகு மூடியேதான் இருக்கும். ஒரு சேவையகத்துக்கு இரண்டு ஹெச்எம்சி வரை இணைக்கலாம். செலவுக்குப் பயந்து ஒன்றோடு நிற்பது, என் கணிப்பில், தப்பான சிக்கனம்.

3. நிறுத்தநேரம்

பவர்5க்குப் பிறகு ஒரு பகிர்வின் சேமிப்பும் மறுதொடக்கமும் பொதுவாக அடுத்ததைத் தொடுவதில்லை. ஃபர்ம்வேர் மேம்பாடு அப்படியல்ல. சில ஓட்டத்திலேயே ஏறும், சிலவற்றுக்கு மொத்தப் பெட்டியையும் நிறுத்த வேண்டும். எது எந்த வகை என்பதை முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

நிறுத்தநேரத்துக்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சேவைக் கருவிகளின் கியூசெக்ஆஃபர் என்ற பாதுகாப்பு அதிகாரிக் கணக்கு வேறு, இயங்குதளத்தின் கியூசெக்ஆஃபர் வேறு. முன்னதன் கடவுச்சொல் உங்கள் அலுவலகத்தில் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், இன்றைக்கே எழுதி உறையிலிட்டு பீரோவில் பூட்டுங்கள்.