குரங்குல பாஸ், மனுசன்ல ஃபெயில்!

பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குய்யா இம்யூனாலஜின்னு கேக்காதீங்க மக்கா. டெஸ்ட் சர்வர்ல சமத்தா ஓடின கோடு, புரொடக்‌ஷன்ல ஏத்தினதும் பல்லை இளிக்கிறது நமக்குப் பழகின கதைதானே. 2006-ல லண்டன்ல அதே நடந்துச்சு. ஆனா அங்க படுத்தது சர்வர் இல்ல, ஆறு மனுசங்க.

நம்ம ரத்தத்துல இருக்குற டி செல், கிருமியைப் பாத்ததும் உடனே சண்டைக்குக் கிளம்பாது. பேங்க் லாக்கருக்கு ரெண்டு சாவி வேணுமில்லையா, அது மாதிரி. ரெண்டாவது சாவித் துவாரம், செல்லோட மேற்பரப்புல இருக்குற சிடி28-ங்கிற புரதம். ஜெர்மனியில டெஜெனெரோ கம்பெனி உருவாக்கின டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி, முதல் சாவியே இல்லாம லாக்கரைத் திறந்துடும். வில்லங்கமா தெரியுதா? ஆனா எலிகள்ல, சண்டையை அடக்குற டி செல்கள்தான் அதிகமாப் பெருகுச்சு. அதனால மூட்டுவாதத்துக்கு மருந்தாகும்னு நம்பினாங்க.

குரங்குகளுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம் குடுத்தும் ஒண்ணும் ஆகல. மனுசங்களுக்கு அதுல 500-ல ஒரு பங்குன்னு முடிவாச்சு.

மார்ச் 13, நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகம். எட்டு பேர்ல ரெண்டு பேருக்கு டம்மி. மத்த ஆறு பேருக்கும் சுமார் பத்து நிமிச இடைவெளியில வரிசையா மருந்து ஏத்தினாங்க. முதல் ஆளுக்குத் தலைவலி ஆரம்பிக்கறதுக்குள்ள ஆறாவது ஆளுக்கும் ஏத்தியாச்சு! என்னால ஜீரணிக்க முடியாதது இதுதான். ஒரு பிசாத்து ரிலீஸுக்கே நாங்க ஒரு சர்வர்ல போட்டு, லாகைப் பாத்துட்டுத்தான் அடுத்ததுல கை வைப்போம்.

காய்ச்சல், ரத்த அழுத்தம் விழுறது, அப்புறம் உறுப்புகள் ஒவ்வொண்ணா தடுமாற ஆரம்பிச்சுது. சைட்டோகைன் புயல். ஆறு பேரும் தீவிர சிகிச்சையில. உயிர் பிழைச்சாங்க, ஆனா ஒருத்தர் கால்விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

மருந்துல கலப்படம் இல்ல, அளவும் தப்பில்ல. அப்புறம் எங்க இடிச்சுது? குரங்கோட சிடி28-ம் நம்மளோடதும் அச்சு அசல் ஒண்ணு, அதைச் சரிபாத்துருந்தாங்க. ஆனா பழைய கிருமிகளை ஞாபகம் வச்சிருக்குற ஒரு வகை டி செல்கள், அந்தக் குரங்குகள்ல சிடி28-ஐக் கழட்டிப் போட்டுடும். மனுசன்ல கழட்டாது. புயலைக் கிளப்பினது அதே செல்கள். இது 2010-லதான் வெளிவந்துச்சு.

டெஜெனெரோ 2006-லயே திவால். முதல்ல ஒருத்தருக்கு மட்டும் குடுத்துக் காத்திருக்கணும், விலங்குக்குத் தாங்கின அளவை மட்டும் நம்பி ஆரம்ப டோஸ் போடக்கூடாதுன்னு 2007-ல ஐரோப்பா வழிகாட்டுதல் போட்டுச்சு.

மருந்து சாகல. பேரை மாத்தி, டிஏபி08-ன்னு ரஷ்யாவுல மறுபடி சோதிச்சாங்க. இந்தத் தடவை லண்டன் டோஸ்ல 1000-ல ஒரு பங்குல ஆரம்பம். புயல் வரல.