அழைத்தவர் யார்?

ராயக்கோட்டையில் என்னிடம் ஸர்ஃபும் நஹ்வும் ஓதிய மாணவர் ஒருவர், இப்பொழுது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே கணினி நிரல் எழுதப் பயின்று வருகிறார். தம் மஹல்லாவின் சந்தாக் கணக்கிற்கென ஒரு சிறு நிரலும் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் மாதமே வினை வந்தது. பதிவாகியிருந்த தொகை ஒன்று; பெட்டியில் இருந்த பணம் அதனினும் மிகக் குறைவு. வீடு வீடாகச் சென்று வசூலிக்கும் முதியவர்மீது சிலருடைய பார்வை விழலாயிற்று. மாணவர் பதிவுகளைச் சரிபார்த்தபோது, முதல் வீட்டின் சந்தா ஒருமுறையும், இரண்டாம் வீட்டினது இருமுறையும், மூன்றாம் வீட்டினது மும்முறையும் ஏறியிருக்கக் கண்டார். "ஹஸ்ரத், பொத்தானை ஒரு தடவைதான் அழுத்துகிறோம். சந்தாவைப் பதியும் செயற்கூற்றை நான் எங்குமே கூப்பிடவும் இல்லை. பின் அதை மூன்று தடவை கூப்பிட்டது யார்?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

நான் நிரலெழுதுபவன் அல்லன். ஆயினும் கூப்பிடுதல் என்ற சொல் என்னை இழுத்துக்கொண்டது.

செயற்கூறு என்பது, அடிக்கடி தேவைப்படும் ஒரு வேலையைத் தனியே எழுதி, அதற்கொரு பெயரிட்டு வைப்பதாகும். நம் மேல்நிலைப் பள்ளிப் பாடநூல் ஆளும் சொல் இது. 2009இல் முத்தையா அண்ணாமலை கட்டுரை வாயிலாக அறிமுகப்படுத்திய 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியோ இதனை 'நிரல்பாகம்' என்கிறது. வேலை முடிந்து விடையைத் திருப்பித் தருவதற்கு அது இட்ட கட்டளைச்சொல் 'பின்கொடு'. அழகிய சொல்! சென்றவன் வெறுங்கையோடு திரும்பாமல் கொண்டுவந்து கொடுக்கிறான் அல்லவா?

அவ்வாறு திரும்பிவருவதுதான் தொடக்கத்தில் பெரும்பாடாக இருந்தது. 1945இன் இறுதியில் ஆலன் டூரிங் தாம் எழுதிய கணிப்பொறித் திட்ட அறிக்கையில், துணைவேலைக்குப் போகுமுன் திரும்பவேண்டிய இடத்தைக் குறித்துவைப்பதைப் 'புதைத்தல்' என்றும், முடிந்தபின் அதை மீட்பதைத் 'தோண்டியெடுத்தல்' என்றும் வழங்கினார். 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற பொறி இயங்கத் தொடங்கியது. திரும்பிப் போ என்று சொல்லும் கட்டளையே அப்பொறியில் இல்லை. டேவிட் வீலர் என்ற இளைஞர் ஓர் உபாயம் கண்டார். அழைப்பவன் தன் முகவரியைக் கையில் ஏந்திச் செல்வான். அழைக்கப்பட்ட பகுதி, தன் வேலையைத் தொடங்குமுன், அம்முகவரியைக்கொண்டு ஒரு கட்டளையைச் சமைத்துத் தன் கடைசி வரியில் தானே எழுதிக்கொள்ளும். வில்க்ஸ், கில் ஆகிய இருவருடன் சேர்ந்து 1951இல் வீலர் வெளியிட்ட நூல் இம்முறையைப் பலருக்கும் கற்பித்தது. ஒரு குறை மட்டும் இருந்தது. பகுதி தன்னைத்தானே அழைத்துக்கொண்டால், கடைசி வரியில் எழுதிய பழைய முகவரி அழிந்துபோகும். முகவரிகளைத் தட்டுகள்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலிருந்து எடுக்கும் முறை பின்னர் வந்து அக்குறையைத் தீர்த்தது.

இதுவரை அழைப்பவன் அறிந்தே அழைக்கிறான். 1960இல் உருவான அல்கால் மொழியில் வேறொரு வழியும் இருந்தது. ஒரு செயற்கூற்றின் பெயரையே மற்றொன்றின் கையில் ஒப்படைக்கலாம். பின்னாளில் வந்த சி மொழியின் நூலகத்தில் கியூசார்ட் என்றொரு செயற்கூறு உண்டு. எப்பொருளையும் வரிசைப்படுத்தித் தரும். ஆனால் எது முந்தியது, எது பிந்தியது என்று அதற்குத் தெரியாது. பெயர்களை அலிஃப் பா வரிசையில் வேண்டுவோரும், அகர வரிசையில் வேண்டுவோரும் தத்தம் ஒப்புநோக்கும் செயற்கூற்றைக் கொடுத்துவைத்தால், வேண்டும்போதெல்லாம் அதனை அழைத்துக் கேட்டுக்கொள்ளும். இதனையே 'கால்பேக்' என்கின்றனர். தமிழில் 'மீளழைப்பு' எனலாம். அரபி நூல்களில் வழங்கும் 'ரத்துன் நிதா' எனக்கு நிறைவு தரவில்லை. அழைப்பிற்கு விடையளித்தல் என்றல்லவா அது பொருள்படும்? இங்கு நிகழ்வதோ வேறு. நம்மூர்த் தக்காளி மண்டியில், "விலை ஏறினால் கூப்பிடுங்கள்" என்று தரகரிடம் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தோட்டத்திற்குத் திரும்புகிறாரே விவசாயி, அவர் யாருக்கும் விடையளிக்கவில்லை. கூப்பிடும் உரிமையைப் பிறர் கையில் கொடுத்துச் செல்கிறார்.

ஒருவரிடம் ஒருவர் எண் கொடுப்பது இது. பலர் கொடுத்தால்? 1979இல் கலிபோர்னியாவிலுள்ள செராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் நார்வே நாட்டு ட்ரிக்வே ரீன்ஸ்காவ் வகுத்த அமைப்பில், செய்தியை வைத்திருக்கும் பகுதிக்குத் தன்னைப் பார்த்திருப்போர் யாரெனத் தெரிய வேண்டியதில்லை. மாற்றம் நேர்ந்ததும் பதிந்துவைத்தோர் அனைவருக்கும் அறிவிப்புப் போகும். 1997இல் ஜாவா மொழி இவர்களுக்குக் 'கேட்போர்' என்று பெயரிட்டது. 2000இல் இணையப் பக்கங்களுக்கான பொதுவிதியிலும் அப்பெயர் இடம்பெற்றது. அரபியில் இவர்களை 'முஸ்தமிஉ' என்கின்றனர்; இச்சொல்லில் எனக்குக் குறையேதும் இல்லை. காதில் தற்செயலாய் விழக் கேட்பவன் 'ஸாமிஉ'. கருதிச் செவிகொடுப்பவன் 'முஸ்தமிஉ'. ஓதலுக்குரிய ஸஜ்தாவைப் பேசுமிடத்து ஃபிக்ஹு நூல்கள் இவ்விருவரையும் வேறுபடுத்துவதை ஓதியோர் அறிவர். நிரலிலும், கேட்கிறேன் என்று முன்கூட்டிப் பதிந்துகொண்டவனுக்கே அழைப்பு வரும்.

பதிந்தவன் விலகாவிட்டாலும் வரும். என் இளமையில், ரமலான் இரவுகளில் தாயிரா தட்டி ஸஹருக்கு எழுப்பும் பாவா ஒருவர், குடிபெயர்ந்து சென்ற ஒரு வீட்டின் பூட்டிய வாசலில் நின்று மூன்று ரமலான்கள் பெயர் சொல்லி எழுப்பினார். இனி வேண்டாம் என்று அவரிடம் எவரும் சொல்லவில்லை.

மாணவருக்கு அக்கதையைச் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசாமலிருந்து, கணினியைத் திறந்தார். ஒவ்வொரு வீட்டிற்கும் படிவத்தைத் திறக்கும்போதெல்லாம், பொத்தானுக்குப் புதிதாக ஒரு கேட்போனை அவருடைய நிரல் பதிந்துவந்திருக்கிறது; பழையவை ஒன்றும் விலகவில்லை. மூன்றாம் வீட்டிற்கு வரும்போது மூவர் காத்திருந்தனர். ஒருமுறை அழுத்தியதும், இணையப் பக்கத்தை இயக்கும் உலாவி மூவரையும் முறையாக அழைத்திருக்கிறது. விலக்கவும் வழியில்லை, ஏனெனில் அவர் அவற்றிற்குப் பெயரிடவே இல்லை. விலக்க வேண்டுமாயின், பதிந்த அதே செயற்கூற்றைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது விதி. பெயரிட்டு வெளியே ஒருமுறை எழுதிவைத்தாலோ, அதையே எத்தனை முறை பதிந்தாலும் பொதுவிதிப்படி ஒன்றாகவே கொள்ளப்படும்.

அவ்வாறே திருத்தினார். அந்த மாதப் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கழித்து எண்ணியபோது, பெட்டியில் இருந்த தொகை சரியாக இருந்தது. மறுநாள் மாலை அவரே தொகையை எழுதி எடுத்துக்கொண்டு, அந்த முதியவரின் வீட்டிற்குச் சென்றார்.