ஒப்பாரி ஏறிய மேடை

காவிரி நாட்டில் நெல்லோடு கூத்தும் செழித்தது. ஆயினும், நாடகத்தைப் பல்கலைக்கழகத்தில் பாடமாகப் பயிலுதல் நமக்குப் புதிது. தஞ்சையில் 1981-இல் நிறுவப்பெற்ற தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் அப்பாடத்தைப் பயிற்றியவருள் ஒருவர் பேராசிரியர் சே. இராமானுஜம் (1935–2016). நாங்குநேரியிற் பிறந்தவர், தில்லி தேசிய நாடகப் பள்ளியில் இப்ராஹிம் அல்காசியிடம் பயின்றவர்.

கிரேக்கப் புலவர் யூரிப்பிடீஸ், போரில் கணவரையும் மக்களையும் இழந்த டிராய் நகர மகளிரின் அவலத்தை நாடகமாக்கினார். அதனைத் தழுவி இராமானுஜம் ‘வெறியாட்டம்’ படைத்தார். அயல்நாட்டு மகளிரின் துயரை எம்மொழியால் உரைப்பது? நம் சிற்றூர்ப் பெண்டிர் இழவு வீட்டிற் பாடும் ஒப்பாரியையே அவர் கையாண்டார். ஏட்டுக் கல்வி ஏறெடுத்தும் பாராத அப்பாட்டு, பேரவலத்தைத் தாங்கவல்ல கலையென மேடையில் விளங்கிற்று.

பின்னர், தம் பிறப்பிடத்தை அடுத்த திருக்குறுங்குடியில், 1999-இல் கைசிக நாடகம் புத்துயிர் பெறவும் அவர் துணைநின்றார். அதன் தலைவன் நம்பாடுவானோ, கோயிலுக்குப் புறத்தே நின்று பாடிய பாணன்!

புறத்தே நின்ற குரலை அகத்தே அழைத்தலும் ஆசிரியர் கடனே. உங்கள் ஊர்ப் பாட்டிமாரிடம் அப்பாட்டுகள் இன்னும் இருக்கலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.