எறும்பு அமிலமும் தேனீ உண்ணியும்: உரிமையாளர் இல்லாத மருந்தின் ஒப்புதல் வரலாறு

ராணிப்பேட்டை மாவட்டத்தில் பாலாற்றை ஒட்டிய மேல்விஷாரம், தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற ஊர். அத்தொழிலில் பயன்படும் ரசாயனங்களுள் ஃபார்மிக் அமிலமும் ஒன்று. குரோம் ஏற்றுவதற்கு முன் தோலை அமிலக் கரைசலில் ஊறவைக்கவும், ஏற்றிய சாயம் தோலில் பிடித்து நிற்கவும் அது உதவுகிறது. தேனீக் கூட்டங்களை அழிக்கும் வரோவா உண்ணிக்கு எதிராகப் பல நாடுகளில் கையாளப்படுவதும் இதே அமிலமே. ஆலையில் அது சாதாரணச் சரக்கு. தேனீப் பெட்டிக்குள் மருந்தாக வைத்து விற்க வேண்டுமானால், பல நாடுகளில் அரசின் ஒப்புதல் தேவை.

எறும்புகளை வாலையில் வடித்து இந்த அமிலத்தை முதலில் பிரித்தவர் 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் ரே. எறும்பைக் குறிக்கும் லத்தீன் சொல்லே அதன் பெயருக்கு மூலம். இவ்வளவு பழைய, மலிவான பொருளுக்கு எவரும் தனியுரிமை கோர முடியாது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

வரோவா உண்ணி 1904இல் ஜாவாவில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு முதன்முதலில் விவரிக்கப்பட்டது. ஆசியத் தேனீ அதனுடன் வாழப் பழகியது. அத்தேனீ உண்ணியைத் தன் உடலிலிருந்து அகற்றும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீப் புழுக்களிலேயே பெருகும். ஐரோப்பியத் தேனீக்கு அந்தப் பழக்கம் போதிய அளவில் இல்லை. உண்ணி 1977இல் மேற்கு ஜெர்மனியிலும் 1987இல் அமெரிக்காவிலும் கண்டறியப்பட்டது. ஐரோப்பியத் தேனீயைத் தாக்கும் இனம் தனியானது என்று 2000இல்தான் தெளிவாகி, அதற்கு 'வரோவா டெஸ்ட்ரக்டர்' என்று பெயரிடப்பட்டது. இந்தியாவில் ஐரோப்பியத் தேனீ 1960களில் இமாசலப் பகுதியில் நிலைபெற்றது. தமிழ்நாட்டில் 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் நோயால் நாட்டுத் தேனீக்கள் பெருமளவில் மடிந்தபின், ஐரோப்பியத் தேனீயை நாடுவோர் தெற்கிலும் கூடினர்.

உண்ணியை ஒழிக்க நிறுவனங்கள் முதலில் கொண்டுவந்தவை ஃப்ளூவாலினேட் போன்ற செயற்கை மருந்துப் பட்டைகள். 1990களில் உண்ணிகள் அவற்றுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றன. மருந்தின் எச்சமும் மெழுகில் தங்கியது. ஃபார்மிக் அமில ஆவியோ மூடிய அறைகளுக்குள்ளும் புகுந்து உண்ணியைக் கொல்லும், மெழுகிலும் தங்காது. ஆயினும் ஒப்புதலுக்கான ஆய்வுகளுக்குப் பணம் போடும் நிறுவனம், அதன் பலனைப் போட்டியாளர்களும் அனுபவிப்பார்கள் என்று தயங்கும்.

இந்த முடிச்சை ஜெர்மனி அவிழ்த்த விதம் எளிமையானது. 60 சதவீத ஃபார்மிக் அமிலத்துக்கான தரத்தை அரசே எழுதி வைத்தது. அத்தரத்துக்கு உட்பட்டு எந்தத் தயாரிப்பாளரும் விற்க முடிந்தது. அமெரிக்காவில் இன்னொரு பொது அமிலமான ஆக்சாலிக் அமிலத்துக்கு வேளாண்மைத் துறையே விண்ணப்பதாரராக முன்வந்தது. கனடா முன்பே அளித்திருந்த ஒப்புதலின் தரவுகளும் துணைநிற்க, 2015 மார்ச்சில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அனுமதி வழங்கியது. தோலில் படியும் இரும்புக் கறையை நீக்கவும் அந்த ஆக்சாலிக் அமிலம் பயன்படும் என்பது தற்செயலான பொருத்தம்.

இந்தியாவின் பூச்சிக்கொல்லிச் சட்டம் ஒரு துயரத்திலிருந்து பிறந்தது. 1958இல் பாராத்தியான் கலந்த உணவால் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாக வந்த 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவுக் குழு பார்க்காத பூச்சிக்கொல்லியை விற்க முடியாது. அதன் 9(3) பிரிவு முதல் விண்ணப்பதாரரிடம் பாதுகாப்பு, பயன்திறன் தரவுகளைக் கேட்கிறது. 9(4) பிரிவு, ஒருவருக்குப் பதிவான மருந்தை அதே நிபந்தனைகளில் மற்றவரும் பதிய வழிவிடுகிறது. பொதுப்பெயர் மருந்துகளுக்கு இது தாராளமான வாசல்தான். ஆனால் முதலில் ஒருவர் நுழைந்தாக வேண்டும். எவருக்கும் சொந்தமில்லாத பொருளுக்கு அந்த முதல் ஆள் கிடைப்பதே அரிது.

இந்தியத் தேனீ வளர்ப்புப் பரிந்துரைகளில் 85 சதவீத ஃபார்மிக் அமிலத்தை 5 மில்லி லிட்டர் அளவில், சிறு குப்பியில் பஞ்சுத் திரியிட்டுப் பெட்டிக்குள் வைக்கும் முறை உண்டு. அச்செறிவில் அது தோலை எரிக்கும், மூச்சைத் திணறடிக்கும். ஆவியாகும் வேகம் வெப்பத்தோடு ஏறுவதால், அளவு மிஞ்சினால் ராணித் தேனீயே மடியும். வட அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபார்மிக் அமிலப் பட்டைகளின் குறிப்புச்சீட்டு, வைக்கும் நாளில் பகல் உச்ச வெப்பம் 10 முதல் 29.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேலூர் வட்டாரத்தில் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலுக்கான அளவை, வடக்கத்தியக் குளிரில் சோதித்து எழுதிய சீட்டிலிருந்து எடுக்க முடியாது.