உன் பங்கைக் கட்டு: கறுப்பினச் செவிலியர் படிப்பும் அரசாங்கப் பணமும்

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிறபோது பல ஊர்களில் சேரிக்காரனிடம் வாங்கமாட்டார்கள். இரக்கத்தினால் அல்ல. வரி வாங்கிவிட்டால் அவன் நாளைக்கு வடம் பிடிக்கக் கேட்பான், சாமியைச் சேரித் தெருவுக்குக் கொண்டு வா என்பான். பங்கு கட்டினவனுக்குத்தான் பாத்தியதை. ஆகவே பங்கையே வாங்காமல் இருந்துவிட்டால் தகராறு இல்லை. இது நாம் எல்லாரும் அறிந்த கணக்கு.

அரசாங்கங்களும் இந்தக் கணக்கை வேறுவிதமாகப் போடுகின்றன. அதற்கு இணைநிதி என்று பெயர். ‘உன் பங்கைத் திரட்டிக்கிட்டு வா, என் பங்கை நான் போடுறேன்’ என்பதுதான் அதன் சாரம். இங்கே 1997இல் வந்த ‘நமக்கு நாமே’ திட்டம் இந்த வகை. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கையில் ஏற்கெனவே இருக்கிறவனுக்கும் ஒன்றுமே இல்லாதவனுக்கும் ஒரே நிபந்தனை வைத்தால் என்ன நடக்கும்? அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் நர்ஸ் படிப்புக்காகப் பட்ட பாட்டை வாசித்துக்கொண்டு போனபோது இதற்கான பதில் எனக்குக் கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சிகாகோவில் எம்மா ரெனால்ட்ஸ் என்ற கறுப்பினப் பெண் நர்ஸ் படிக்க விரும்பினார். நகரத்திலிருந்த எந்தப் பயிற்சிப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பாதிரியாரான அவருடைய அண்ணன் டாக்டர் டேனியல் ஹேல் வில்லியம்சிடம் போய் நின்றார். ஒரு பெண்ணுக்கு மட்டும் இடம் கேட்டு அலைவதைவிட நாமே ஒரு மருத்துவமனை கட்டுவோம் என்றார் வில்லியம்ஸ். 1891இல் பிராவிடன்ட் மருத்துவமனையும் அதோடு சேர்ந்த நர்சிங் பள்ளியும் அப்படித்தான் பிறந்தன. வெள்ளைப் பணக்காரர்களும் பணம் போட்டார்கள், கறுப்பு மக்களும் சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். அரசாங்கம் எட்டிப் பார்க்கவில்லை.

வட கரோலினாவின் டர்ஹம் நகரக் கதை இன்னும் கசப்பானது. அங்கே புகையிலைப் பணத்தில் கொழுத்த வாஷிங்டன் டியூக், உள்நாட்டுப் போரில் எஜமானர்களுக்கு விசுவாசமாக இருந்த அடிமைகளுக்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப நினைத்தார். டாக்டர் ஆரன் மூர் முதலிய கறுப்பினத் தலைவர்கள் பேசிப் பேசி, கல்லை நடுவதற்குப் பதில் மருத்துவமனை கட்ட வைத்தார்கள். 1901இல் லிங்கன் மருத்துவமனை வந்தது, இரண்டு வருஷத்தில் நர்சிங் பள்ளியும் வந்தது. ஆனால் அந்த விசுவாசக் கதையை அவர்கள் விடவில்லை. போரின்போது வெள்ளைத் தாய்மார்களுக்கும் பெண்களுக்கும் உண்மையாக இருந்த அடிமைகளின் நினைவாக இது நிறுவப்பட்டது என்று கல்வெட்டு வைத்தார்கள். அந்தக் கல்வெட்டைத் தாண்டித்தான் அடிமைகளின் பேத்திகள் நர்ஸ் படிக்கப் போனார்கள். மூரும் மற்றவர்களும் கல்வெட்டைச் சகித்துக்கொண்டு கட்டடத்தை வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தப் பள்ளிகள் அன்றாடம் எப்படி ஓடின? பெண்களின் உடலுழைப்பில் ஓடின. வார்டைக் கூட்டுவதும் துணி துவைப்பதும் இரவு முழுக்கக் கண்விழிப்பதும் மாணவிகளே. அதோடு அவர்களைப் பணக்கார வெள்ளையர் வீடுகளுக்கு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிட்டு, அந்தக் கூலியை மருத்துவமனை வாங்கிக்கொண்ட இடங்களும் உண்டு. தெற்கில் பல கறுப்பு மருத்துவமனைகள் மூடாமல் நின்றது இந்தக் கூலியால்தான். டார்லின் கிளார்க் ஹைன் என்ற கறுப்பின வரலாற்றாசிரியர் 1989இல் வெளியிட்ட ‘பிளாக் விமன் இன் ஒயிட்’ என்ற நூலில் இதையெல்லாம் விரிவாக எழுதியிருக்கிறார். வெள்ளைப் பள்ளிகளிலும் மாணவிகளின் உழைப்பைச் சுரண்டினார்கள்தான். ஆனால் அங்கே பின்னால் நிற்க நகராட்சி இருந்தது, அறக்கட்டளை இருந்தது. இங்கே உழைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

இணைநிதி என்ற யோசனை கறுப்பு மக்களுக்கு முதலில் பெரிய அளவில் வந்தது பள்ளிக்கூடங்கள் வழியாக. ஜூலியஸ் ரோசன்வால்டு என்ற வணிகரின் நிதியில் 1932 வரை தெற்கில் சுமார் 5,000 பள்ளிகள் எழுந்தன. நிபந்தனை, அந்தந்த ஊர்க் கறுப்பு மக்களும் பங்கு போட வேண்டும் என்பது. அவர்கள் போட்டது 47 லட்சம் டாலர். ரோசன்வால்டு நிதி கொடுத்தது ஏறத்தாழ 43 லட்சம். வள்ளலைவிடக் குத்தகை விவசாயி அதிகம் கொடுத்தான்! அதுவும் அரசுக்கு வரி கட்டிய பிறகு. அந்த வரியில் வெள்ளைப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டிவிட்டு, உன் பிள்ளைக்கு வேணும்னா தனியாக் கொண்டா என்றார்கள். ஒரு பள்ளிக்கு இரண்டு தடவை கட்டணம். ரோசன்வால்டைத் திட்டுவது என் நோக்கம் அல்ல. அவர் இல்லையென்றால் அதுவும் இருந்திருக்காது. ஆனால் பள்ளிகளில் இன்றும் அவர் பெயர்தான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு உதாரணம் 1943இல் நடந்தது. போருக்கு நர்சுகள் போதவில்லை. ஒஹையோவிலிருந்து வந்த பிரான்சஸ் போல்டன் என்ற பெண் உறுப்பினர் கொண்டுவந்த சட்டம் அந்த ஜூன் மாதம் கையெழுத்தாகி, கேடட் நர்ஸ் படை உருவானது. இங்கே ‘உன் பங்கு எங்கே’ என்ற கேள்வி இல்லை. கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் அரசு. மாணவிக்குக் கைச்செலவுக்கு மாதம் 15 டாலரில் தொடங்கி உதவித்தொகை வேறு. போர் முடியும்வரை நர்ஸ் வேலையில் இருக்கணும், அவ்வளவுதான். இனப் பாகுபாடு கூடாது என்ற விதியைச் சட்டத்திலேயே சேர்த்தார்கள். அது தானாக வந்துவிடவில்லை. 1908இல் தொடங்கிய கறுப்பின நர்சுகளின் தேசியச் சங்கமும் அதன் செயலாளர் மேபல் ஸ்டாப்பர்சும் விடாமல் கொடுத்த நெருக்கடி அதன் பின்னால் இருந்தது. 3,000க்கும் மேற்பட்ட கறுப்பினப் பெண்கள் இந்தப் பணத்தில் படித்தார்கள். படையில் சேர்ந்தவர்கள் மொத்தம் ஏறத்தாழ 1,80,000 பேர், எனவே ரொம்பவும் கொண்டாட வேண்டாம். ஆனாலும் அப்பனுக்கு நிலம் இருக்கிறதா என்று கேட்காமல் அரசு ஒரு பெண்ணின் படிப்பை முழுசாக ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவரை இப்படி ஒரு சாட்சி இல்லை. வேடிக்கை என்னவென்றால், படிக்கப் பணம் கொடுத்த அரசின் ராணுவமே 1941இல் கறுப்பு நர்சுகளுக்கு 56 இடம்தான் என்று ஒதுக்கீட்டு வரம்பு வைத்திருந்தது. போர்க்கைதியான ஜெர்மானியனைக் கவனிக்க அவர்களை அனுப்பினார்கள். 1945 ஜனவரியில், நர்சுகளைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கலாமா என்று பேச்சு வந்தபோது, காத்திருக்கிற எங்களை ஏன் எடுக்கவில்லை என்று ஸ்டாப்பர்ஸ் சபை நடுவே கேட்டார். அதற்குப் பிறகுதான் அந்தத் தடை உடைந்தது.

போர் முடிந்ததும் அரசு பழைய கணக்குக்கே திரும்பியது. 1946 ஆகஸ்டில் வந்த ஹில்-பர்ட்டன் சட்டப்படி, மருத்துவமனை கட்ட ஒன்றிய அரசு மூன்றில் ஒரு பங்கு தரும், மீதி இரண்டு பங்கை உள்ளூர் திரட்ட வேண்டும். விகிதம் பிற்பாடு மாறியது. பாகுபாடு கூடாது என்று ஒரு வரி எழுதிவிட்டு, தனித்தனியாகச் சமமான வசதி செய்துகொடுத்தால் போதும் என்று அடுத்த வரியில் அதைக் கழுவிவிட்டார்கள். (அதே ஆண்டில்தான் அண்ணல் அம்பேத்கர், ஐ.நா.வுக்குக் கறுப்பு மக்கள் கொடுத்த மனுவின் நகல் கேட்டு டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார்.) இரண்டு பங்கைத் திரட்ட யாரால் முடியும்? ஆலை முதலாளி இருக்கிற வெள்ளை நகரத்தால் முடியும்.

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் மோசஸ் கோன், வெஸ்லி லாங் என்று இரண்டு மருத்துவமனைகள். முன்னதற்கு 12,69,950 டாலரும் பின்னதற்கு 19,48,800 டாலரும் அரசுப் பணம் ஒதுக்கப்பட்டது. வெஸ்லி லாங்கில் கறுப்பருக்கு இடமே கிடையாது. கோன் மருத்துவமனை, வெள்ளையருக்கு இல்லாத நிபந்தனைகளோடு ஒருசிலரை மட்டும் சேர்த்தது. கறுப்பு மக்களுக்கென்று எல். ரிச்சர்ட்சன் மருத்துவமனை இருந்தது. அங்கே நெரிசல் தாங்காது.

இங்கேதான் நர்சிங் படிப்பு உள்ளே வருகிறது. கோன் மருத்துவமனை இரண்டு அரசுக் கல்லூரிகளோடு கூட்டு வைத்திருந்தது. ஒன்று வெள்ளைப் பெண்கள் கல்லூரி. மற்றொன்று கறுப்பு மாணவர்களுக்கான ஏ அண்ட் டி கல்லூரி. 1960 பிப்ரவரியில் உல்வொர்த் கடையில் போய் உட்கார்ந்து நாட்டையே உலுக்கிய நான்கு பையன்கள் படித்த அதே கல்லூரி. அதன் நர்சிங் மாணவிகள் செய்முறைப் பயிற்சிக்குக் கோன் வார்டுகளுக்குப் போனார்கள். யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண் அங்கே வெள்ளைக்காரியின் காயத்தைக் கழுவலாம், பாத்திரம் ஏந்தலாம். அவளுடைய அம்மாவுக்கு வலி வந்தால் அதே படுக்கையில் படுக்க முடியுமா என்பது நிச்சயமில்லை. கை வேண்டும், ஆள் வேண்டாம். நம் வீட்டு ஆயாக்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற பல் மருத்துவர் உட்பட பதினொரு பேர் 1962இல் வழக்குப் போட்டார்கள். அரசு பணம் கொடுத்திருக்கிறது, அரசுக் கல்லூரி மாணவிகளுக்குப் பயிற்சி நடக்கிறது, அப்புறம் எப்படி இது தனியார்? இது அவர்கள் கேள்வி. மருத்துவமனைகளின் பதில், நாங்கள் தனியார் நிறுவனம், யாரைச் சேர்ப்பது என்பது எங்கள் இஷ்டம் என்பது. மாவட்ட நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். நர்சிங் பயிற்சிக் கூட்டு மருத்துவமனை தானாக முன்வந்து செய்வது, அதனால் அது அரசு நிறுவனம் ஆகிவிடாது என்றார். இணைநிதியின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. மக்கள் வரிப்பணம் உள்ளே போகும்போது அது பொதுச் சேவை. கதவைச் சாத்தும்போது அது தனியார் சொத்து.

1963 நவம்பர் 1 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 3க்கு 2 என்ற கணக்கில் அதைப் புரட்டிப்போட்டது. இவ்வளவு அரசுப் பணமும் அரசுத் திட்டமும் கலந்த இடத்தில் அரசியல் சட்டம் பாயும், தனித்தனிச் சமம் என்ற அந்த வாசகம் செல்லாது என்றது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. அந்த ஜூலையில் சிவில் உரிமைச் சட்டம், செப்டம்பரில் செவிலியர் பயிற்சிச் சட்டம். பின்னதில் பள்ளிக் கட்டடத்துக்கு மறுபடி பங்குப் பணக் கணக்குத்தான். ஆனால் இப்போது பணம் வாங்குகிறவன் கதவைச் சாத்த முடியாது. இதற்குள் கறுப்பு மருத்துவமனைப் பள்ளிகள் களைத்துப்போயிருந்தன. டர்ஹமின் லிங்கன் பள்ளி 1971இல் மூடப்பட்டது. கோன் நிறுவனம் 2016இல், வழக்குப் போட்டவர்களில் அப்போது உயிரோடு இருந்த ஒரே மருத்துவரான ஆல்வின் பிளவுண்டிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. சில மாதங்களில் அவரும் இறந்துபோனார்.

நமக்கு இதில் என்ன? பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட்-மெட்ரிக் உதவித்தொகை 1944இல் தொடங்கியது. நீண்ட காலம், முந்தைய ஐந்தாண்டுத் திட்ட முடிவில் ஆன செலவளவு மாநிலத்தின் தலையில், அதற்கு மேற்பட்டதுதான் மத்திய அரசின் பொறுப்பு என்று வைத்திருந்தார்கள். திட்டத்துக்குத் திட்டம் மாநிலச் சுமை ஏறியது, பாக்கியும் ஏறியது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 60:40 என்று மாற்றியது. ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய், அதில் மத்தியப் பங்கு 35,534 கோடி. இந்த ஏற்பாட்டில் மாநிலம் தன் பங்கைப் போட்ட பிறகே மத்தியப் பங்கு மாணவியின் கணக்கில் விழும்.

இரண்டு அரசும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த இடைவெளியில் யார் நிற்கிறார்கள்? என் அக்கா மகள் நின்றாள். ஒரு தனியார் நர்சிங் கல்லூரி, பெயர் வேண்டாம். ‘ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தர்றோம், இப்போ கட்டிடுங்க’ என்றார்கள். அக்கா தோட்டை அடகு வைத்தாள். அடுத்த வருஷமும் கேட்டார்கள். வைக்க ஒன்றும் இல்லை. படிப்பு முடிந்தும் சான்றிதழ் அலமாரியில் கிடந்தது. மாநிலமும் மத்தியமும் போட வேண்டிய பங்கை, அவை போடும்வரை ஒரு கூலிக்காரி போட்டிருக்கிறாள். இதற்கு எந்த வரவு செலவு அறிக்கையிலும் தலைப்பு கிடையாது.

உதவித்தொகையை உயர்த்து என்று மட்டும் நாம் கோஷம் போடுகிறோம். உங்கள் மாவட்டத்தில் உள்ள நர்சிங் கல்லூரிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்: மாநிலப் பங்கு எந்தத் தேதியில் விடுவிக்கப்பட்டது, மத்தியப் பங்கு எந்தத் தேதியில் வந்தது, கல்லூரி அந்தப் பெண்ணிடம் எந்தத் தேதியில் பணம் வாங்கியது. மூன்றாவது தேதிக்கு அலுவலகத்தில் பதில் இருக்காது. அதற்கு ரசீதை வைத்திருக்கிற வீடுகளுக்குத்தான் போக வேண்டும்.