கயிறு பிடிப்பவர்

மில்லிக்கனில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் போன வாரம் ஒரு சிறிய பிளாஸ்டிக் அட்டை கிடந்தது. மகள் ஸ்கூபா நீர்மூழ்கலின் முதற்படியை முடித்ததற்கான சான்று அது. முதலில் நீச்சல் தடாகத்திலும் பிறகு நீர் நிறைந்த பழைய கற்குழி ஒன்றிலும் பயின்று பெற்றது. முதல் வகுப்பில் என்ன சொல்லித் தந்தார்கள் என்று கேட்டேன்.

"தண்ணிக்குக் கீழ மூச்சை அடக்கவே கூடாதாம், அப்பா. அதுதான் முதலாவது சட்டம்."

மன்னாரில் வளர்ந்தவன் நான். எங்கள் கடலில் முத்துக்கும் சங்குக்கும் இறங்கியவர்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுகளாக இருந்த முதலாவது சட்டம் மூச்சை அடக்கு என்பதுதான். மகளின் சட்டமும் சரி, அவர்களுடைய சட்டமும் சரி. இந்த இரண்டுக்கும் இடையில் நடந்ததைத்தான் எழுத விரும்புகிறேன். இந்த இடைவெளிக்குள் அகப்பட்டவர்கள் இன்றும் எங்கள் கரைகளில் இருக்கிறார்கள்.

கடலில் இறங்க யாருக்குத் தகுதி என்ற கேள்விக்கு நம் பக்கத்தில் கிடைக்கும் மிகப் பழைய பதில் கொடுமையானது. முதலாம் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், பாண்டியரின் கொற்கையில் முத்துக்குளிப்பில் ஈடுபடுத்தப்பட்டோர் தண்டனைக் கைதிகள் என்கிறது. அவர்களுக்குத் தண்டனைதான் தகுதி.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதும்போது காட்சி மாறியிருக்கிறது. பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டிவைக்கும் ஆட்களுக்கு வணிகர்கள் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்கிறார் அவர். இவர்களையே நம்மவர்கள் கடல்கட்டி என்றார்கள். கடல்கட்டி வராமல் படகு புறப்படாது. பிரித்தானிய அரசும் இதை ஏற்று அவர்களைப் பணியில் வைத்திருந்தது. 1859இல் எமர்சன் டெனன்ற் எழுதிய இலங்கை நூலில் ஒரு தகவல் உண்டு. பரம்பரையாக வரும் இந்த வேலையை அப்போது பார்த்துவந்த குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர். அவர் எந்தச் சமயம் என்பது மூழ்குபவர்களுக்குப் பொருட்டாக இருக்கவில்லை. இன்று சான்றிதழ் ஆளுக்குக் கொடுக்கப்படுகிறது. அன்று கடலுக்கே கொடுக்கப்பட்டது.

ஆளின் தகுதியைக் குடும்பமும் ஊரும் பார்த்துக்கொண்டன. தூத்துக்குடிப் பரதவர், கீழக்கரை முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியர் எனப் பல கூட்டத்தார் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் கூடினார்கள். ஒரு படகில் பொதுவாகப் பத்துப் பேர் மூழ்குவார்கள். இருவருக்கு ஒரு கல். ஏறத்தாழ 30 இறாத்தல் எடையுள்ள அந்தக் கல்லின் கயிற்று வளையத்தில் காலை வைத்து ஒருவர் இறங்க, மற்றவர் மேலே இளைப்பாறுவார். அராபியர் மூக்குக்குக் கவ்வி போட்டார்கள். நம்மவர்கள் விரலால் பொத்திக்கொண்டார்கள். முத்துப் பார்கள் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம் வரையான ஆழத்தில், அதாவது 9 முதல் 18 மீட்டரில் கிடந்தன. ஒரு நிமிடம், சிலருக்கு அதற்குச் சற்று மேல், அவ்வளவுதான் அவகாசம். அள்ளிய சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்குப் போனது.

கீழே போனவரின் உயிர் மேலே கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. அசைவு தெரிந்ததும் இழுக்க வேண்டும். பிந்தினால் பிணம்தான் வரும். அந்தக் கயிற்றை மைத்துனரிடம் கொடுப்பதே வழக்கம் என்று சொல்வார்கள். தன் தங்கை விதவையாவதை விரும்பாதவன் கண்ணயர மாட்டான் என்பது கணக்கு.

1903 முதல் 1907 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து சலாபம் நடந்தது. 1905இல் மட்டும் 8 கோடி அளவில் சிப்பிகள் அள்ளப்பட்டன. 1906இல் மரிச்சுக்கட்டியில் இளம் அதிகாரியாகப் பணிபுரிந்தவர் லெனாட் வுல்ஃப், பின்னாளில் வெர்ஜீனியா வுல்ஃபின் கணவர். அந்த ஆண்டு பார்கள் ஒரு தனியார் கொம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்குப் போயின. சிப்பி வற்றியது, கொம்பனி நொடித்தது. சரியாக அந்த வேளையில், 1908இல், ஹோல்டேன் என்ற உடலியலாளரும் அவருடைய தோழர்களும் இங்கிலாந்தில் ஓர் அட்டவணையை வெளியிட்டார்கள். அழுத்தக் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் நின்றவர் எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் தரித்துத் தரித்து மேலேற வேண்டும் என்று அது சொன்னது. மன்னாரின் மூச்சுக்கலை ஓய்ந்த கையோடு சிலிண்டர் யுகத்தின் இலக்கணம் பிறந்தது.

மகளின் சட்டத்துக்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. கரையில் இழுத்த மூச்சோடு இறங்குபவரின் நுரையீரல் கீழே சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். 10 மீட்டரில் சிலிண்டரிலிருந்து இழுத்த மூச்சோ மேற்பரப்பில் இரண்டு மடங்காக விரியும். அதை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழியும். நெடுநேரம் ஆழத்தில் நின்றால் நைட்ரஜன் உடலில் கரையும். விரைந்து ஏறினால் குமிழியாகி மூட்டையும் முதுகுத் தண்டையும் தாக்கும். மூச்சை அடக்கி வென்ற பரம்பரைக்கு அந்தத் திறமையே எமனாகும்.

1943இல் கூஸ்தோவும் காக்னனும் காற்றுக் கருவியைச் செய்தபின், இதைச் சொல்லிக்கொடுக்க அமைப்புகள் எழுந்தன. 1953இல் பிரித்தானிய சப்-அக்வா கிளப், 1959இல் கூஸ்தோவைத் தலைவராகக் கொண்ட உலக சம்மேளனம், 1966இல் அமெரிக்காவில் ‘பாடி’. மகளுடைய அட்டை ‘பாடி’யினுடையது. 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதந்து, திறந்த நீரில் நான்கு தடவை மூழ்கினால் 18 மீட்டர் வரை அனுமதி. அது ஏறத்தாழ மன்னார்ப் பார்களின் ஆழம்தான். இன்னும் ஐந்து தடவை மூழ்கினால் ‘அட்வான்ஸ்ட்’, 30 மீட்டர். மொத்தம் ஒன்பது மூழ்கலில் ஒருவர் உயர்நிலை என்ற பெயரைப் பெற்றுவிடலாம். பிறரைக் காப்பாற்றும் பயிற்சி மூன்றாவது அட்டையில்தான் முழுப் பாடமாக வருகிறது. பிரித்தானிய வழியில் அது இரண்டாவது படியிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. அங்கே கழகத்து மூத்தவர்களுடன் மெல்ல மெல்ல ஆழம் போக வேண்டும். ஒன்று விடுமுறைக்குள் முடிகிற வழி, மற்றது ஊரில் தொழில் பழகுவதுபோன்ற வழி. மன்னாரிலோ காப்பாற்றுபவர் இல்லாமல் முதல் இறக்கமே இல்லை.

இவற்றில் எந்த வழியும் எங்கள் கரைக்குப் போய்ச் சேரவில்லை. போய்ச் சேர்ந்தது சிலிண்டர். அறிவியல் முன்னதாகவே வந்துவிட்டது. தமிழகக் கரையில் மத்திய கடல்மீன் ஆய்வு நிறுவனத்தின் மகாதேவனும் நாகப்பன் நாயரும் 1960களில் ஸ்கூபா அணிந்து மன்னார் வளைகுடாவின் அடித்தளத்தைப் பதிவுசெய்தார்கள். இலங்கையில் 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் திருகோணமலையில் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கடலடியில் கண்டார்கள். ஆனால் சங்குக்கும் கடலட்டைக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிற தொழிலாளிக்கு அட்டவணை யாரும் கொடுக்கவில்லை. ஒரு நாளில் பல தடவை, ஆழம் கணக்கில்லாமல், அட்டை இருக்குமட்டும் இறங்குகிறார்கள். கால் விறைத்து, பிறகு நடக்க முடியாமல் போனவர்களைப் பற்றி ஊரில் கேள்விப்பட்டிருக்கிறேன். வாதம் என்பார்கள், சிலர் காத்து என்பார்கள். அழுத்த அறையில் சில மணித்தியாலங்களுக்குள் வைத்திருந்தால் திரும்பியிருக்கக்கூடிய கால்கள் அவை.

ஆகவே அந்த அட்டையைப் பணக்காரப் பொழுதுபோக்கின் அடையாளம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதில் இருப்பது நம்மவர்களுக்குக் கிடைக்காத ஒரு பாடம்.

மகள் அடுத்ததாக டொபர்மோரிக்குப் போக வேண்டும் என்கிறாள். ஹியூரன் ஏரியில் 1987இல் அமைந்த ஃபாதம் ஃபைவ் கடற்பூங்கா அங்கே இருக்கிறது. மூழ்குபவர்கள் முதலில் பதிவுசெய்ய வேண்டும். ஆழமில்லாத துறைமுகத்தில் கிடக்கும் ‘ஸ்வீப்ஸ்டேக்ஸ்’ போன்ற கப்பலை அவள் பார்க்கலாம். 1884இல் மூழ்கிய ‘அரேபியா’வோ 30 மீட்டருக்கும் கீழே, குளிரில், இருளில் கிடக்கிறது. ‘அட்வான்ஸ்ட்’ அட்டையும் அதற்குப் போதாது.

"மேல ஆர் நிப்பினம்?" என்று கேட்டேன்.

"மேல ஒருத்தரும் இல்லை அப்பா. கூட வாறவர் என்னோட கீழதான் வருவார். ரெண்டு பேரும் ஆளாளுக்குப் பாத்துக்கொள்ளுறதுதான்."

காப்பாற்றும் பயிற்சிக்கான கட்டணத்தை முதலில் கட்டச் சொன்னேன். ஆழம் பிறகு போகலாம்.