சமுதாய மேம்பாட்டுத் தொகுப்பு மானியம் (அமெரிக்கா)

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு நகரங்களுக்கும் கவுண்டிகளுக்கும் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) மாநிலங்களுக்கும் ஆண்டுதோறும் வழங்கும் நிதியுதவி இது. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை இதை நிர்வகிக்கிறது. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கலாம், குடிநீர்க் குழாய் பதிக்கலாம், நடைபாதை போடலாம், சமுதாயக் கூடம் கட்டலாம். எது முதலில் என்பதை உள்ளூர் நிர்வாகமே முடிவு செய்கிறது. பொதுவாகப் புதிய வீடு கட்ட இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. அதற்கு 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி ‘ஹோம்’ என்ற தனி மானியம் வந்தது.

இந்த மானியம் வருவதற்கு முன், 1949ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் நடந்த நகரப் புதுப்பிப்புப் பணிகள், சேரி அகற்றம் என்ற பெயரில் கறுப்பினத்தவரின் குடியிருப்புகள் பலவற்றை இடித்துத் தள்ளின. மேலும், நகரப் புதுப்பிப்பு, மாதிரி நகரங்கள், குடிநீர், சாக்கடை எனக் கூட்டாட்சித் திட்டம் ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி விதி, தனி அதிகாரி. அதிபர் நிக்சனின் ஆட்சி இவற்றை ஒன்றாக்க முயன்றது. அவர் பதவி விலகிய இரண்டே வாரத்தில், 1974 ஆகஸ்ட் 22 அன்று, அடுத்த அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு அதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார்.

நிதியில் 70 விழுக்காடு பெருநகரங்களுக்கும் பெரிய கவுண்டிகளுக்கும் நேரடியாகப் போகிறது. மீதி 30 விழுக்காட்டை மாநிலங்கள் சிற்றூர்களுக்குப் பிரித்துக் கொடுக்கின்றன. பங்கைக் கணக்கிட இரண்டு சூத்திரங்கள் உண்டு. முதலாவது மக்கள்தொகை, வறுமை, வீட்டு நெரிசல் ஆகியவற்றைப் பார்க்கிறது. 1977இல் சேர்ந்த இரண்டாவது, 1940க்கு முன் கட்டிய வீடுகளுக்குப் பாதி எடை தருகிறது. தொழிற்சாலைகள் மூடி, மக்கள் வெளியேறி நலிந்த வடகிழக்கு நகரங்களுக்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் பழைய வீடெல்லாம் பாழடைந்த வீடல்ல. நன்றாகப் பேணப்படும் பழைய வீடுகள் நிறைந்த வசதியான புறநகர்களும் அந்த எடையால் பலனடைகின்றன. இது சூத்திரத்தின் பெருங்குறை.

செலவில் குறைந்தது 70 விழுக்காடு, வட்டார இடைநிலை வருமானத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈட்டாத மக்களுக்குப் பயன்பட வேண்டும். கூடவே, பாகுபாடற்ற வீட்டுவசதியை வளர்ப்பதாக மானியம் பெறும் நிர்வாகம் உறுதிமொழி தர வேண்டும். அந்த உறுதிமொழி வெறும் சடங்காகிவிட்டதை நியூயார்க்குக்கு வடக்கே உள்ள வெஸ்ட்செஸ்டர் கவுண்டி வழக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2000 முதல் 2006 வரை அந்தக் கவுண்டி 5 கோடி டாலருக்கு மேல் கூட்டாட்சி வீட்டுவசதி நிதி பெற்றது. வீடு கிடைப்பதில் உள்ள தடைகளை ஆராய்ந்தபோது வருமானத்தை மட்டும் பார்த்தது, இனத்தைக் கணக்கில் கொள்ளவில்லை. பாகுபாட்டை எதிர்க்கும் தன்னார்வ அமைப்பு ஒன்று, அரசிடம் பொய்யுரைத்துப் பணம் பெறுவதைத் தண்டிக்கும் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்தது. உறுதிமொழிகள் பொய்யானவை என்று 2009 பிப்ரவரியில் நீதிமன்றம் கூறியது. அதே ஆண்டு எட்டிய உடன்பாட்டில் கவுண்டி 6.25 கோடி டாலர் ஒதுக்கவும், பெரும்பாலும் வெள்ளையர் வாழும் ஊர்களில் 750 மலிவு வீடுகளுக்கு வழிசெய்யவும் ஒப்புக்கொண்டது. உள்ளூருக்குச் சுதந்திரம் தந்தால் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பேரிடர் மீட்புக்கும் நாடாளுமன்றம் இதே வழியில் சிறப்பு நிதி ஒதுக்குகிறது. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் லூசியானா நடத்திய ‘ரோடு ஹோம்’ திட்டம் இந்தப் பணத்தில் நடந்ததே. சேதச் செலவு, புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு இரண்டில் எது குறைவோ அதைக் கொண்டு தொகை கணக்கிட்டதால், வீட்டு மதிப்பு குறைவாயிருந்த கறுப்பினக் குடியிருப்புகள் பாதிக்கப்பட்டதாக வழக்கு எழுந்து, 2011இல் சமரசத்தில் முடிந்தது.

1975இல் ஏறத்தாழ 250 கோடி டாலராக இருந்த இந்த மானியத்தின் ஆண்டு ஒதுக்கீடு 2024இல் 330 கோடி. இதற்கிடையே விலைவாசி ஐந்து மடங்குக்கு மேல் ஏறியது. நேரடிப் பங்கு பெறும் நகரங்களும் கவுண்டிகளும் 600க்குச் சற்றுக் குறைவாக இருந்த நிலை மாறி, சுமார் 1,200 ஆகிவிட்டன.